சித் ஹியாமின் காது

ஹியாம் சர்ரூஃபுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் மாண்ட்ரியாலில் இருக்கும் தம்பியிடமிருந்து ஒரு குரல் செய்தி வரும். "அக்கா, எப்படி இருக்கே, உடம்பைப் பாத்துக்கோ, பசங்க உன்னை ரொம்பக் கேட்டாங்க" என்று அன்பாகத்தான் பேசுவான். வேறொரு அக்காவாக இருந்தால் அதை நாலு தடவை போட்டுக் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிர்வீட்டுக்காரியிடம் போய்ப் பெருமையடித்திருப்பாள். ஹியாமுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவள் காதில் முதலில் விழுவது பேச்சல்ல, பேச்சுக்குப் பின்னால் கிடப்பது. கார் நிற்கிறது; இன்ஜின் ஓடுகிறது; திரும்புவதற்கான விளக்கு டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கிறது. "வெச்சுடட்டுமாக்கா" என்று அவன் சொல்லும்போது கார் கிளம்புகிறது. தம்பி தனக்காக ஒதுக்குவது ஒரு சிவப்பு விளக்கு எரிகிற நேரம் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அதைத் தெரிந்துகொண்டு அவள் என்ன சுகத்தைக் கண்டாள்?

பெய்ரூத்தில் அஷ்ரஃபியே மேட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவள் குடியிருந்தாள். நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்துகொண்ட ஒலி நிபுணர். யாராவது ஒரு பதிவைக் கொண்டுவந்து 'இதோ சாட்சி' என்று மேசையில் வைத்தால், அந்தப் பதிவு நம்பத்தக்கதுதானா, அதில் பேசுவது யார் என்று பார்த்துச் சொல்லும் வேலை. அதற்கு முன்னால் ஒரு தனியார் வானொலியில் நாடா வெட்டிக்கொண்டிருந்தாள். பிளேடும் ஒட்டுத்தாளும் வைத்துக்கொண்டு அரசியல்வாதிகளின் இருமலை நீக்குவதும், பாடகிகளின் பெருமூச்சைச் சுருக்குவதும் அவள் கைக்குப் பழகியிருந்தன. அந்த வானொலியை இழுத்து மூடியபோது, வெட்டத் தெரிந்தவளுக்கு வெட்டைக் கண்டுபிடிக்கவும் தெரியும் என்று யாரோ நீதிமன்றத்தில் சொல்லிவைத்தார்கள். வயது முப்பதைத் தாண்டியபோது கல்யாணப் பேச்சு எழுந்தது. அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சில் அது அடங்கியது. பிறகு அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். வீட்டில் பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது.

கட்டடத்தில் ஆட்கள் இல்லாமல் இல்லை. எள் விழ இடமில்லாமல் இருந்தார்கள். ஆனால் ஹியாம் லிஃப்டில் ஏறினால் எல்லோர் வாயிலும் பூட்டு விழும். "அவ முன்னாடி தும்மித் தொலைக்காத. தும்மினது யாருன்னு கோர்ட்டுல போய்ச் சொல்லிடுவா" என்று இரண்டாம் மாடி மார்செல் சொன்னது ஹியாம் காதிலேயே விழுந்தது. விழாமல் இருக்குமா? புருஷனைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் வாய் ஓயாமல் புலம்புகிற பெண்கள் அவளைக் கண்டதும் "நல்லாயிருக்கீங்களா சித் ஹியாம், வெயில் அதிகம் இல்ல?" என்று அம்மா போடுகிற மாதிரி மரியாதையாக 'சித்' போட்டு வானிலை பேசுவார்கள். வெயிலைப் பற்றி எத்தனை வருஷம்தான் பேசுவது? அவளும் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

அவளுடைய வேலையைப் பற்றி ஊரில் ஆளாளுக்கு ஒரு நினைப்பு. ஒரு பொத்தானை அமுக்கினால் குரலுக்குச் சொந்தக்காரனின் படம் திரையில் வந்து நிற்கும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கறுப்பு அங்கி போட்டவர்களிலும் இருக்கிறார்கள். நிஜத்தில் அது பொறுமையைப் பிழிந்தெடுக்கிற வேலை. கையில் வந்த பதிவின்மேல் அவள் விரல் வைக்க மாட்டாள். அதைப் பிரதியெடுத்து, இரண்டும் ஒரு துளிகூட மாறாமல் ஒன்றேதான் என்று உறுதிசெய்துகொண்டு, மூலத்தை உறையில் போட்டு முத்திரை வைத்துவிட்டுப் பிரதியில்தான் வேலை செய்வாள். பதிவோடு கூடவே தட்டச்சு செய்த தாள் ஒன்று வரும், இன்னார் இன்னது பேசினார் என்று. அதைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். கண் ஒருமுறை படித்துவிட்டால், காது மானங்கெட்டுப்போய்த் தாளில் இருப்பதையே கேட்கும். முதலில் வெறுமனே கேட்க வேண்டும், திரும்பத் திரும்ப. பேசுகிறவர் எங்கே மூச்சு வாங்குகிறார், அறை பெரிதா சிறிதா, ஜன்னல் திறந்திருக்கிறதா என்று எல்லாவற்றையும் கேட்டபிறகுதான் திரையில் ஒலியின் படத்தை விரித்து அளவெடுப்பாள்.

மித்ரி ஷல்ஹூபின் வழக்கு அவளிடம் வந்தது ஒரு கோடைகாலத்தில். சின்னதொரு பென்டிரைவ், ஒரு தாள், நீதிபதி வஜ்தியின் உத்தரவு. விஷயம் இதுதான்: ஃபவ்வாஸ் என்பவன் நாலைந்து தெருக்களுக்கு டீசல் ஜெனரேட்டர் வைத்துக் கரண்ட் விற்கிறவன்; ஊர்ப் பேச்சில் அதற்கு 'மோட்டார்'. அரசாங்கக் கரண்ட் போகிறபோதெல்லாம் இந்த ஊரின் உயிர் மோட்டார்காரர்கள் கையில்தான். மித்ரி அவனிடம் மெக்கானிக்காக இருந்தவர். சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டு வெளியேறினார். கொஞ்ச நாளில் ஃபவ்வாஸின் டீசல் தொட்டி தீப்பிடித்து, காவலாளியின் கைகள் வெந்துபோயின. மித்ரியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 'அவனே என் அலுவலகத்தில் வந்து ஒப்புக்கொண்டான், இதோ அவன் குரல்' என்று ஃபவ்வாஸ் பதிவைக் கொடுத்தான். தொட்டியைக் கொளுத்தியதாக அதில் ஒப்புக்கொண்டிருக்கிறாய் என்று மட்டும் மித்ரியிடம் சொன்னார்கள், பதிவைப் போட்டுக் காட்டவில்லை. "இப்படி நான் சொல்லவே இல்ல. அது என் குரலே இல்ல" என்று அவர் சாதித்தார். ஹியாமிடம் நீதிபதி கேட்டது ஒரே கேள்வி: அது மித்ரியின் குரலா? ஆம் என்றால் மித்ரி உள்ளே போவார், வெளியே வரும்போது கிழவராகியிருப்பார். நீதிமன்றத்தின் நிபுணர் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் எழுதலாம். அதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அறிக்கையையே கிழித்துப் போட்டுவிடுவார்.

ஹியாம் பதிவைப் போட்டுக் கேட்டாள். முதலில் இரண்டு ஆண்கள் சண்டை போடுகிறார்கள். "நீ பண்ணினதுக்கு உன்னைச் சும்மா விடமாட்டேன் ஃபவ்வாஸ்" என்கிறார் ஒருவர். பிறகு குரல் தணிகிறது. "நான்தான் எரிச்சேன். டீசலை ஊத்தி, நானே குச்சியைக் கிழிச்சேன். வேற என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல." அவ்வளவுதான். சத்தம் சுத்தமாக இருந்தது, வேண்டியதற்கு மேல் சுத்தமாக. பின்னால் இருந்த இரைச்சலை யாரோ சல்லடை போட்டுச் சலித்திருந்தார்கள். கேட்டதற்கு, தெளிவாகக் கேட்க வேண்டும் என்று மருமகனிடம் கொடுத்துச் சுத்தம் செய்ததாக ஃபவ்வாஸ் சொல்லியனுப்பினான். பதிவு செய்த போன் எங்கே? அது கடலில் விழுந்துவிட்டதாம். ஹியாமுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்கவில்லை என்பதை அறிக்கையில் எழுத முடியாதே.

ஒரு குரலை ஒப்பிட வேண்டுமென்றால் அதே ஆளை உட்காரவைத்துப் பேச வைக்க வேண்டும். நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். இரு தரப்பு வழக்கறிஞர்களுக்கும் சொல்லியாயிற்று. அன்று சாலையில் டயர் கொளுத்தி மறியல், இருவருமே வந்து சேரவில்லை. காவலர் ஒருவர் மித்ரியைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். ஐம்பதைத் தாண்டிய பெரிய மனிதர், விரல் நுனிகளில் கழுவினாலும் போகாத கறுப்பு. ஹியாம் மேசையில் பதிவுக் கருவியை வைத்து, ஒரு பழைய செய்தித்தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தட்டித் தடவி வாசித்தார். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

"போதும், முஅல்லிம். இனி நீங்களா ஏதாவது பேசுங்க. வழக்கைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை வேண்டாம்" என்றாள் ஹியாம், தொழில் தெரிந்தவர்களைக் கூப்பிடும் மரியாதையோடு.

"வேற என்ன பேசறது சித்? சாப்பாட்டைப் பத்திப் பேசலாமா?"

"பேசுங்க."

"உள்ள போடுற சாப்பாட்டையா, வெளிய சாப்பிட்டதையா? உள்ள போடுறதைச் சொன்னா உங்க மெஷின் வாந்தி எடுத்துடும்."

ஹியாம் சிரித்துவிட்டாள். அவர் பேச ஆரம்பித்தார். பருப்பும் அரிசியும் சேர்த்து முஜத்தரா செய்யும்போது வெங்காயத்தை எதுவரைக்கும் கருக விடலாம் என்பதில் தனக்கும் தன் மனைவி லோரிஸுக்கும் இருந்த சண்டையைச் சொன்னார். லோரிஸ் இறந்தபிறகு அதே சண்டையைத் தனக்குள்ளேயே போட்டுக்கொண்டு சமைத்துப் பார்த்ததாகவும், இரண்டு பக்கமும் தோற்றுப்போனதாகவும் சொன்னார். "நீங்க என்ன சமைப்பீங்க சித்?" என்று நடுவில் கேட்டார்.

நிபுணர் அதிகம் பேசக்கூடாது. பேச்சை ஓடவைக்க ஒரு வார்த்தை, அவ்வளவே. ஆனால் அப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டு எத்தனையோ காலமாயிருந்தது. "ஒருத்திக்கு என்ன சமையல்? ரொட்டி, கொஞ்சம் லப்னேத் தயிர், ஒரு தக்காளி" என்றாள்.

"அடடே, நானும் அதேதான்! நின்னுக்கிட்டே சாப்பிடுவீங்களா, உக்காந்தா?"

"நின்னுக்கிட்டு."

"நானும் அப்படித்தான். உக்காந்தா எதிர்நாற்காலி தெரியுது பாருங்க."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. "போச்சு!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். "இப்ப மட்டும் நான் வெளிய இருந்தேன்னு வைங்க, பத்துப் பேர் போன் போட்டு என் பரம்பரையையே திட்டியிருப்பாங்க" என்றார் மித்ரி இருட்டுக்குள்ளிருந்து. காவலர் கதவைப் பூட்டிக்கொண்டு, மோட்டாரைப் போடச் சொல்லக் கத்திக்கொண்டே மேலே போனார். ஹியாம் பேட்டரியை வீணாக்க வேண்டாமென்று கருவியை அணைத்தாள். கரண்ட் போனால் எதையாவது அணைப்பது இந்த ஊரில் எல்லோர் கைக்கும் பழகிய காரியம். அவள் யோசித்துச் செய்யவில்லை.

மேலே டீசல் இல்லை போலும். இருட்டு நீண்டது.  பிறகு மித்ரி, யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறவர் மாதிரி மெதுவாகப் பேசத் தொடங்கினார்.

"லோரிஸ் வீட்டுலதான் போனா, சித். ரொம்ப நாள் படுக்கை. போனப்பறம் அந்த மெத்தையை என்ன செய்யறதுன்னு தெரியல. குடுத்தா வாங்க ஆள் இல்ல. குப்பையில போட மனசு வரல. அதுல படுக்கவும் முடியல, பாக்கவும் முடியல. ஒரு நாள் மொட்டைமாடிக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன். நான்தான் எரிச்சேன். டீசலை ஊத்தி, நானே குச்சியைக் கிழிச்சேன். வேற என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல. மறுநாள் ஃபவ்வாஸ் ஆபீஸ்ல வாய் சும்மா இருக்காம அதைச் சொல்லித் தொலைச்சேன். போனை நீட்டிக்கிட்டுச் சிரிச்சானுங்க, மெத்தையக் கொளுத்தின பைத்தியம்னு."

ஃபவ்வாஸின் பதிவில் ஹியாம் கேட்டது இதைத்தான். அதே வார்த்தைகள், அதே வரிசை, 'தெரியல' என்பதில் அதே இறக்கம். அவள் அவரை நிறுத்தியிருக்க வேண்டும். விதி அதைத்தான் சொல்கிறது. குரலைப் பரிசோதிக்கிறவர் குற்றம் சாட்டப்பட்டவரின் கதையைக் கேட்டுவிட்டால் மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். சாய்ந்தது தெரிந்தால் அவர் எழுதும் எதுவும் செல்லாது. ஆனால் ஒரு மனிதன் இருட்டில் மனைவியின் மெத்தையைப் பற்றிப் பேசும்போது 'நிறுத்துங்கள்' என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "அப்பறம்?" என்றுதான் கேட்டாள்.

"அப்பறம் என்ன? கீழ வந்து தரையில படுத்தேன். இன்னமும் தரையிலதான். ஜெயில்ல பழகிக்க வேண்டிய கஷ்டமே இல்ல, பாத்துக்கங்க."

மோட்டார் உறுமியது, விளக்கு எரிந்தது. "வந்துடுச்சு!" என்றார் மித்ரி. ஹியாம் கருவியை மறுபடி போட்டாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெங்காயத்துக்குத் திரும்பினார். கடைசியில் காவலர் எழுப்பிக்கொண்டு போகையில், "நல்லாக் கேக்கறீங்க சித். ஜனங்க இப்பல்லாம் கேக்கறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று வீட்டுக்கு வந்து ஹியாம் தக்காளியை நறுக்கித் தட்டில் வைத்து, உட்கார்ந்து சாப்பிட்டாள். சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

மறுநாளிலிருந்து அளவெடுப்பு. உயிரெழுத்துகள் எப்படி விழுகின்றன, மூக்கு எவ்வளவு கலக்கிறது, வாக்கியம் எங்கே இறங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சந்தேகத்துக்கு இடமே தெரியவில்லை. சண்டை போட்டதும் மித்ரி, 'எரிச்சேன்' என்றதும் மித்ரி. ஒரு நிபுணர் 'இவரேதான்' என்று சொல்லக்கூடாது. 'இவர் என்பதற்கு மிக வலுவான ஆதரவு' என்று எழுத வேண்டும். எப்படி எழுதினாலும் அவருக்கு விலங்குதான்.

மெத்தைக் கதையை அவள் சொல்ல முடியாது. பதிவாகாத பேச்சு, கேட்டிருக்கவே கூடாத பேச்சு. அதைக் கட்டிவைத்துவிட்டுப் பதிவுக்குள்ளேயே வெட்டு இருந்தால் கண்டுபிடிக்க வேண்டும். தேடித் தேடிக் கண் பூத்தது. இரண்டு பாதியும் ஒரே அறை, ஒரே போன், ஒட்டியவன் கெட்டிக்காரன்தான். வழி கிடைத்தது தன்னுடைய பதிவில். மித்ரியின் மாதிரியைச் சரிபார்க்கப் போட்டபோது, வெங்காயத்தின் நடுவே அந்தப் 'போச்சு!' வந்தது. அதற்கு முன்னால் பேச்சுக்கு அடியில் தேனீ முனகுவது மாதிரி மெல்லிய ஓர் ஒலி ஓடிக்கொண்டிருந்தது, விளக்கிலும் மின்விசிறியிலும் கரண்ட் எழுப்புகிற முனகல். 'போச்சு'க்குப் பிறகு அது இல்லை. மோட்டார் வந்ததும் முனகல் திரும்பியது, ஆனால் வேறு மாதிரி. அரசாங்கக் கரண்ட் எப்போதாவது வந்தாலும் ஏறக்குறைய ஒரே சுருதியில் வரும். மோட்டார் கரண்ட் அப்படியல்ல. எங்கோ யாரோ லிஃப்டில் ஏறினால் ஒரு முக்கு முக்கும், யாரோ ஏசியை அணைத்தால் ஒரு துள்ளு துள்ளும்.

ஹியாம் ஃபவ்வாஸின் பதிவை எடுத்து அந்த முனகலை மட்டும் தனியே பிரித்தாள். இரைச்சலைச் சலித்தவன் காதுக்குக் கேட்பதைத்தான் சலித்திருந்தான். அடியில் கிடந்ததை விட்டுவிட்டான். சண்டை நடக்கும் வரை முனகல் முக்கித் துள்ளியது: மோட்டார். 'நான்தான் எரிச்சேன்' தொடங்கும் இடத்தில் அது சட்டென்று நேர்கோடாகிவிட்டது: அரசாங்கம். நடுவில் இருட்டில்லை, அமைதியில்லை, குளிர்ப்பெட்டி நின்று கிளம்பும் இழுப்பு இல்லை. 'வந்துடுச்சு' என்று ஒரு குரல்கூட இல்லை. இந்த நாட்டில் கரண்ட் மாறும்போது வாயை மூடிக்கொண்டு இருந்த ஆள் உண்டா? கைக்குழந்தைகூடச் சொல்லும். தன் காதையும் தன் மனசையும் நம்பாமல், யார் எவர் என்று சொல்லாமல் அந்த முனகலை மட்டும் ஜோர்டானின் அம்மான் நகரில் இருக்கும் தொழில்முறைச் சிநேகிதர் இஹ்ஸானுக்கு அனுப்பினாள். 'இரண்டும் வேறு வேறு மின்சாரம். நடுவில் மாறிய தடயமே இல்லை. ஒட்டு' என்று பதில் வந்தது.

ஆனால் ஒட்டா இல்லையா என்று அவளை யாரும் கேட்கவில்லையே. ஹியாம் ஒரு வேலையை ஏற்றபிறகு நீதிபதியின் அறைக்குப் போய்ப் பேசியதே கிடையாது. அன்று போனாள். வஜ்தி கட்டுக் கட்டாகக் கோப்புகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"சித் ஹியாம், நான் கேட்டது ஒரே கேள்வி. குரல் அவனோடதா இல்லையா?"

"அவரோடதுதான், ரயீஸ்" என்றாள் நீதிபதிக்குரிய மரியாதையோடு.

"அப்ப அதை எழுதிக் குடுங்க. நிம்மதியா நாலு கோப்பு மூடுவேன்."

"எழுதினா அவர் உள்ள போயிடுவார்."

"அது என் பாடு. உங்க பாடு குரல்."

ஹியாம் கதவைப் பார்த்தாள். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "ரயீஸ், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்ல கரண்ட் போனா நீங்க என்ன சொல்வீங்க?"

நீதிபதி தலையைத் தூக்கினார். "எல்லாரும் சொல்றதைத்தான் சொல்வேன். சில நாள் அதுக்கு மேலயும் சொல்வேன், உங்க முன்னாடி சொல்ல முடியாது. ஏன்?"

"அந்தப் பதிவுல நடுவுல கரண்ட் மாறுது. ரெண்டு பேர்ல ஒருத்தர்கூட வாயைத் திறக்கல. அதைப் பார்க்க எனக்கு உத்தரவு வேணும்."

வஜ்தி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எழுத்தரைக் கூப்பிட்டு, பதிவின் நம்பகத்தன்மையையும் ஆராய வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்த்து எழுதச் சொன்னார்.

விசாரணை நாளன்று நீதிமன்றத்தில் புழுக்கம் தாங்கவில்லை. கூண்டில் மித்ரி நின்றார். ஹியாம் எழுந்ததும் அவர் முகம் மலர்ந்தது. தெரிந்தவர் வந்துவிட்டார் என்ற மலர்ச்சி. குரல் யாருடையது என்று நீதிபதி கேட்டார். "இரண்டு பகுதியிலும் பேசுவது மித்ரி ஷல்ஹூப் என்பதற்கு மிக வலுவான ஆதரவு இருக்கிறது" என்றாள். மித்ரியின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. ஃபவ்வாஸ் தொடையைத் தட்டிக்கொண்டான். அவனுடைய வழக்கறிஞர் ஷவ்கி, கல்யாண வீட்டில் பெண்ணுக்கு அப்பா மாதிரி எல்லோரையும் பார்த்துத் தலையாட்டினார்.

"அடுத்தது, பதிவு" என்றார் நீதிபதி. ஹியாம் ஒலிபெருக்கியில் முனகலை மட்டும் பெரிதாக்கிப் போட்டாள். ம்ம்ம் என்று முக்கித் துள்ளிக்கொண்டு ஓடியது. ஓரிடத்தில் வெட்டிக்கொண்டு, சீராக ஒரே கோடாக நீண்டது. பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர், "மோட்டார் போய் அரசாங்கம் வந்துடுச்சே" என்று தன்னையறியாமல் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ஃபவ்வாஸ் மட்டும் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"உமக்கு வித்தியாசம் தெரியலையா?" என்று நீதிபதி கேட்டார்.

"எங்க ரயீஸ்? மோட்டார் சத்தத்தையா சொல்றீங்க? அது எந்நேரமும் இருக்கறதுதானே, அதையெல்லாம் யார் கேப்பாங்க?"

சொல்லி முடித்தபிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. ஊருக்கெல்லாம் மோட்டார் ஓட்டிச் சம்பாதித்தவன், அதற்குள்ளேயே பிழைப்பு நடத்தி நடத்தி அது ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத செவிடனாகியிருந்தான். ஷவ்கி சும்மா விடவில்லை. நிபுணர் எடுத்த மாதிரிப் பதிவின் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறதே, அந்த நேரத்தில் இருவரும் என்ன பேசினார்கள் என்று எழுந்தார். "கரண்ட் போச்சுய்யா! கட்டடத்துக்கே போச்சு, நான் இதே நாற்காலியில வியர்வையில ஊறிக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்று வஜ்தி அவரை உட்காரவைத்தார். மித்ரியை அன்றே விடுவிக்கச் சொல்லி, ஃபவ்வாஸை விசாரணைக்கு நிறுத்திக்கொண்டார். "மேல்முறையீட்டுல பாத்துக்கறேன்" என்று ஷவ்கி முணுமுணுத்தது ஹியாமுக்குக் கேட்டது.

வெளித் தாழ்வாரத்தில் மித்ரியின் தங்கை அழுதுகொண்டு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சொந்தக்காரர்கள் சுற்றி நின்று தோளைத் தட்டினார்கள். ஹியாம் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாகப் போனாள். அவளைக் கண்டதும் மித்ரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரத்தில் தூணில் சாய்ந்து ஷவ்கி சிகரெட் பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

"சித், உங்களாலதான் வெளிய நிக்கறேன்னு வக்கீல் சொன்னார். அந்த உபகாரத்தை எப்படித் தீர்க்கறதுன்னு தெரியல" என்று சொல்லி நிறுத்தினார். பிறகு சின்னப் பையன் மாதிரித் தயங்கி, "ஆனா ஒண்ணு என்னை அரிச்சுக்கிட்டே இருக்கு. அன்னைக்கு நான் அவ்வளவு பேசினேனே. நீங்க அதைக் கேட்டீங்களா, இல்ல என் குரலை அளந்துக்கிட்டு மட்டும் இருந்தீங்களா?" என்றார்.

தூணுக்கருகே தீக்குச்சி கிழியும் சத்தம் பாதியில் நின்றது. ஷவ்கி தலையைத் திருப்பவில்லை. திருப்பத் தேவையில்லை என்று ஹியாமுக்குத் தெரியும், காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிற மனிதர் எப்படி நிற்பார் என்பது அவளுக்குத் தெரியாதா? 'கேட்டேன்' என்ற ஒரு சொல் போதும். நிபுணர் கதையைக் கேட்டார், மனசு சாய்ந்தது, அறிக்கை செல்லாது என்று ஷவ்கி மேல்முறையீட்டில் எழுதிவிடுவார். இந்த மனிதரை மறுபடி கூண்டில் ஏற்றிவிடுவார்கள்.

"குரலை மட்டும்தான், முஅல்லிம்" என்றாள். "நாங்க பேச்சைக் கேக்கறதில்ல. எங்களுக்கு அது வெறும் சத்தம்."

மித்ரி ஓரடி பின்னால் நகர்ந்தார். பிறகு, "அதுவும் சரிதான். வேலைன்னா அப்படித்தானே, சித்" என்றார். நெஞ்சில் கை வைத்து, ஓர் அதிகாரிக்குச் சொல்வது மாதிரி நன்றி சொன்னார். தங்கை கூப்பிட்டாள், போய்விட்டார். ஷவ்கி குச்சியை மறுபடி கிழித்துச் சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு மாடியேறினார்.

ஹியாம் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.  அத்தனை பேர் படியிறங்கிப் போகிற சத்தத்தில் அவருடைய காலடி எதுவென்று தெருக்கதவு வரைக்கும் அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.